சைல்ட்கேரில் பிள்ளையைக் காப்பது எது?

2025 ஜூலை 1-ஆம் தேதி ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் விக்டோரியா மாநிலப் போலீஸ் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. நகரின் மேற்கே பாயிண்ட் குக் பகுதியில் உள்ள ஒரு சைல்ட்கேரில் வேலை பார்த்த 26 வயது ஆண் ஒருவர் மீது, சிறார் பாலியல் வன்கொடுமை உட்பட 70-க்கும் மேற்பட்ட குற்றச்சாட்டுகள் பதிவாகியிருந்தன. பாதிக்கப்பட்டதாகச் சொல்லப்பட்டவர்கள் எட்டுக் குழந்தைகள். வயது ஐந்து மாதத்திலிருந்து இரண்டு வரை. அவர் 2017-லிருந்து 20 நிலையங்களில் வேலை செய்திருந்ததால், ஏறத்தாழ 1,200 குழந்தைகளைத் தொற்றுநோய்ப் பரிசோதனைக்குக் கூட்டிவரும்படி சுகாதாரத் துறை பெற்றோருக்குச் சொன்னது. சில வாரங்களிலேயே நிலையங்களின் பட்டியல் நீண்டது, அழைக்கப்பட்ட குழந்தைகளின் எண்ணிக்கையும் கூடியது.

பாயிண்ட் குக்கும் அதையொட்டிய டார்னீட், வெரிபீ பகுதிகளும் இந்தியக் குடும்பங்கள் நிறைய வாழும் இடங்கள். தமிழ் வீடுகளும் ஏராளம். 2021 கணக்கெடுப்பின்படி ஆஸ்திரேலியாவில் வீட்டில் தமிழ் பேசுபவர்கள் 95 ஆயிரத்துக்கும் மேல். அவர்களில் கணிசமானோர் சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு இருவரும் வேலைக்குப் போகும் இளம் தம்பதிகள். தாத்தா பாட்டி ஊரில் இருக்கிறார்கள், விசா கிடைத்தால் சில மாதங்கள் வந்து இருப்பார்கள். மற்ற நாளெல்லாம் காலை ஏழரைக்குப் பிள்ளையைக் கொண்டுபோய் விட்டால் மாலை ஐந்தரைக்குத்தான் கூட்டிவர முடியும். ஒரு கைக்குழந்தை விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதியை அறிமுகமில்லாதவர்களிடம் ஒப்படைக்கிறோம். அந்த நம்பிக்கை எதன்மேல் நிற்கிறது என்று பெரும்பாலோர் முதல்முறையாக யோசித்தது அந்த ஜூலையில்தான்.

கைதான நபரிடம் செல்லுபடியாகும் 'வொர்க்கிங் வித் சில்ட்ரன் செக்' இருந்தது. குழந்தைகளோடு வேலை செய்ய எடுக்க வேண்டிய அனுமதி அட்டை அது. முன்குற்றம் எதுவும் பதிவில் இல்லை. "கார்டு இருந்ததாமே, அப்புறம் எப்படி?" என்று பலரும் திகைத்தார்கள். அந்தத் திகைப்பிலிருந்துதான் இந்தக் கட்டுரையைத் தொடங்க வேண்டியிருக்கிறது. அந்த அட்டைக்கு நாம் கொடுத்திருக்கும் மதிப்பு அதனால் சுமக்க முடிந்ததைவிட மிக அதிகம் என்பது என் கருத்து.

அட்டை என்ன செய்கிறது? விண்ணப்பிப்பவரின் போலீஸ் பதிவுகளையும், தொழில் ஒழுங்கு நடவடிக்கைகளில் வெளியான சில வகை முடிவுகளையும் பார்க்கிறது. அதாவது, 'இந்த ஆள் இதுவரை சிக்கியிருக்கிறாரா?' என்று கேட்கிறது. சிக்காதவர் தேறிவிடுவார். இருபது வயதில் முதல் வேலைக்கு வரும் ஒருவரின் பதிவில் என்ன இருக்கப்போகிறது? அட்டை வேண்டாம் என்று சொல்லவரவில்லை. தண்டனை பெற்றவரை வாசலிலேயே நிறுத்த அது வேண்டும். ஆனால் அதன் வேலை வாசலோடு முடிந்துவிடுகிறது.

அந்த வேலையையும் அது முழுதாகச் செய்யவில்லை. ஆறு மாநிலங்கள், இரண்டு பிரதேசங்கள், எட்டு வெவ்வேறு முறைகள். குயின்ஸ்லாந்தில் அதற்கு 'புளூ கார்டு' என்று பெயர், மூன்றாண்டு செல்லும். விக்டோரியாவிலும் நியூ சவுத் வேல்ஸிலும் ஐந்தாண்டு. ஒரு மாநிலம் தடைசெய்த ஒருவர் எல்லை தாண்டிப்போய் இன்னொரு மாநிலத்தில் விண்ணப்பிக்க வழி இருந்தது. நாடு முழுவதற்கும் ஒரே முறை வேண்டும் என்று அரச விசாரணை ஆணையம் 2015 ஆகஸ்டிலேயே தனி அறிக்கை கொடுத்துச் சொன்னது. ஓரிடத்தில் தடையென்றால் எல்லா இடத்திலும் தடை என்பதை மாநிலச் சட்ட அமைச்சர்கள் கூடி ஏற்றுக்கொண்டது 2025 ஆகஸ்டில். நடுவில் போன பத்து ஆண்டுகளுக்கு எந்த அரசும் சொல்லத்தக்க காரணம் எதையும் நான் இதுவரை கேட்கவில்லை.

அந்த ஆணையத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நிறுவனங்களுக்குள் நடந்த சிறார் பாலியல் வன்கொடுமையை விசாரிக்க 2013-ல் அமைக்கப்பட்டது. தேவாலயம், பள்ளி, அநாதை இல்லம், விளையாட்டுக் கழகம், பராமரிப்பு நிலையம் எல்லாம் அதன் வரம்புக்குள் வந்தன. பாதிக்கப்பட்டவர்கள் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் தனி அமர்வுகளில் வந்து பேசினார்கள். 2017 டிசம்பர் 15-ல் இறுதி அறிக்கை வந்தது. மொத்தம் 409 பரிந்துரைகள். அதில் என்னை மிகவும் உலுக்கிய எண் வேறு: தனி அமர்வுக்கு வந்தவர்கள் தங்களுக்கு நடந்ததை முதன்முதலாக வெளியே சொல்ல எடுத்துக்கொண்ட காலம் சராசரியாக 23.9 ஆண்டுகள். 'ஏதாவது நடந்தால் பிள்ளை நம்மிடம் சொல்லிவிடும்' என்று இருந்துவிடும் பெற்றோர் இந்த எண்ணைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஐந்து மாதக் குழந்தைக்குச் சொல்ல வாயே இல்லை என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். பிள்ளை வந்து சொல்லும்வரை காத்திருக்கும் எந்த ஏற்பாடும் இந்த வயதுக்கு உதவாது.

ஆணையம் எடுத்து ஆராய்ந்த வழக்குகளில் இரண்டாவது, பள்ளிக்கு முன்னும் பின்னும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் சேவை பற்றியது. சிட்னியின் தெற்கே கேரிங்பாவில் ஒய்எம்சிஏ நடத்திய 'ஆஃப்டர் ஸ்கூல் கேர்'. அங்கே 2009 முதல் 2011 வரை வேலை செய்த இளைஞர் 12 சிறுவர்களுக்கு எதிராகக் குற்றம் செய்து சிறை சென்றார். அவர் முன்பு அமெரிக்காவில் ஒரு கோடை முகாமில் வேலை பார்த்தபோது, ஒரு பிள்ளையிடம் நடந்துகொண்ட விதத்துக்காக வெளியேற்றப்பட்டவர். வேலைக்கு எடுக்கும்போது அங்கே யாரும் விசாரிக்கவில்லை.

இந்த வழக்கைப் பாடமாக எடுத்துப் படிக்கலாம். அந்த நிறுவனத்திடம் சிறார் பாதுகாப்புக் கொள்கைகள் கட்டுக்கட்டாக இருந்தன. பிள்ளையை மடியில் வைக்கக் கூடாது, பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது, வேலை நேரத்துக்கு வெளியே அதே குடும்பங்களுக்குப் பிள்ளை பார்த்துக்கொள்ளும் வேலை செய்யக் கூடாது என்றெல்லாம் எழுதியிருந்தது. அந்த இளைஞர் இவை எல்லாவற்றையும் எல்லோர் கண்முன்னாலும் மீறினார். கூட வேலை பார்த்த இளம் பணியாளர்கள் பார்த்தார்கள். விதி இருப்பதே சிலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களுக்கு அதை யாரிடம் சொல்வது, சொன்னால் என்ன ஆகும் என்பது தெரியாது. பெற்றோருக்கோ அவர் ரொம்பப் பிடித்தமானவர். பிள்ளைகளோடு ஓடியாடுவார், முகம் சுளிக்க மாட்டார், சனிக்கிழமை இரவில் வீட்டுக்கு வந்து பிள்ளையைப் பார்த்துக்கொள்வார். இப்படிப்பட்டவர்கள் பிள்ளையை வசப்படுத்தும் முன்பே சுற்றியிருக்கும் பெரியவர்களை வசப்படுத்திவிடுகிறார்கள். நாளைக்கு யாராவது சந்தேகம் எழுப்பினால், 'அவரா? சேச்சே, இருக்கவே இருக்காது' என்று சொல்லப்போகிறவர்களை இன்றே தயார் செய்துவைக்கிறார்கள்.

குயின்ஸ்லாந்து வழக்கு இதைவிடப் பயங்கரமானது. பிரிஸ்பேன், சிட்னி, இத்தாலி என மூன்று இடங்களில் சைல்ட்கேர்களில் வேலை செய்த ஒருவர், 2003 முதல் 2022 வரை செய்த 307 குற்றங்களை 2024-ல் ஒப்புக்கொண்டார். அந்த ஆண்டு நவம்பரில் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது, 27 ஆண்டுகளுக்குப் பரோல் இல்லை. அவரும் அட்டை வைத்திருந்தவர்தான். அவர் எடுத்த படங்கள் 2014-லேயே இருண்ட இணையத்தில் (டார்க் வெப்) புலனாய்வாளர்கள் கண்ணில் பட்டிருந்தன, ஆனால் இடம் தெரியவில்லை. கடைசியில் காட்டிக்கொடுத்தது பின்னணியில் தெரிந்த ஒரு படுக்கை விரிப்பு. அது எங்கே விற்கப்பட்டது என்று தேடிப்போய், பிரிஸ்பேன் சைல்ட்கேர்களுக்கு விரிப்பு விற்ற வணிகரைப் பிடித்து, அங்கிருந்து நிலையத்துக்குப் போய், 2022 ஆகஸ்டில் ஆளைக் கைது செய்தார்கள். அதற்கு முன்பே அவர்மேல் போலீசுக்குப் புகார் போயிருந்தது. போதிய சாட்சியம் இல்லை என்று அது நின்றுவிட்டது.

இந்த வழக்குகளில் திரும்பத் திரும்ப வருவது ஒன்றுதான். தகவல் துண்டு துண்டாக ஆங்காங்கே கிடக்கும். ஒரு நிலையத்தின் டைரக்டருக்கு ஒரு நெருடல். அடுத்த நிலையத்தில் ஒரு பெற்றோரின் வாய்மொழிப் புகார். இன்னோரிடத்தில் சத்தமில்லாமல் ஒரு ராஜினாமா. ஒவ்வொன்றும் தனியே பார்த்தால் பெரிதில்லை. இவற்றையெல்லாம் ஒரே மேசையில் வைத்துப் பார்க்க ஆள் இல்லை.

அப்படிப் பார்ப்பதற்கென்றே உள்ள ஏற்பாடு ஒன்று உண்டு. பணியாளர் ஒருவர்மேல் இப்படிப்பட்ட குற்றச்சாட்டு வந்தால், போலீஸ் வழக்கு ஆனாலும் ஆகாவிட்டாலும், நிறுவனத் தலைவர் அதை ஒரு சுதந்திரமான அமைப்புக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். விசாரிக்கவும் வேண்டும். நியூ சவுத் வேல்ஸ் 1999-லேயே இதைத் தொடங்கிவிட்டது. விக்டோரியாவில் 2017-ல் தொடங்கியது, சைல்ட்கேர்கள் 2019 ஜனவரியில் அதற்குள் வந்தன. அங்கே மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தாக வேண்டும். குயின்ஸ்லாந்து 2026-ல்தான் தொடங்குவதாகத் திட்டமிட்டது. இருபது ஆண்டு நீண்ட அந்தக் குற்றத் தொடரில் பெரும்பகுதி நடந்த மாநிலம் அதுதான் என்பதை நினைத்தால் மனம் கொதிக்கிறது.

சரி, ஒரு நிலையத்துக்குள்ளே போய்ப் பார்ப்போம். பாதுகாப்பு என்பது உண்மையில் நடப்பது அங்கேதான்.

நாப்பி (டயப்பர்) மாற்றும் அறையை எடுத்துக்கொள்ளுங்கள். நன்றாகக் கட்டிய நிலையத்தில் அதற்கும் விளையாட்டு அறைக்கும் நடுவில் இடுப்புக்கு மேல் கண்ணாடி இருக்கும். உள்ளே நிற்பவரின் முகமும் கையும் வெளியிலிருந்து தெரியும். அவரும் வெளியே விளையாடும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே வேலை செய்யலாம். பழைய வீடுகளை மாற்றிக் கட்டிய சில இடங்களில் இதே அறை ஒரு திருப்பத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். அந்தக் கண்ணாடியில் பெற்றோர் தின அட்டைகளையும் ஓவியங்களையும் ஒட்டி மறைத்துவிட்ட இடங்களும் உண்டு. யாரும் கெட்ட எண்ணத்தில் ஒட்டுவதில்லை. ஆனால் அந்த ஓவியங்கள் ஒரு விதியையே மறைத்துவிடுகின்றன.

அடுத்தது ஆள் கணக்கு. 2012 ஜனவரி 1 முதல் நாடு முழுவதும் ஒரே தரக் கட்டமைப்பு நடைமுறையில் இருக்கிறது. இரண்டு வயதுக்குட்பட்ட நாலு குழந்தைகளுக்கு ஒரு பணியாளர். இரண்டு முதல் மூன்று வயதுக்கு ஐந்து பேருக்கு ஒருவர், விக்டோரியாவில் நாலு பேருக்கு ஒருவர். அதற்குமேல் பள்ளி சேரும்வரை பெரும்பாலான இடங்களில் பதினொரு பேருக்கு ஒருவர். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பொதுவாகப் பதினைந்துக்கு ஒருவர். தாளில் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் கணக்கைச் சில நிலையங்கள் அறைவாரியாகப் போடாமல் மொத்தக் கட்டடத்துக்கும் சேர்த்துப் போடுகின்றன. அலுவலகத்தில் கணினிமுன் இருக்கும் ஒருவரும் எண்ணிக்கையில் சேர்ந்துவிடுவார், கைக்குழந்தை அறையில் ஒருவர் தனியாக நிற்பார். கணக்கு சரி, கண்காணிப்பு இல்லை.

காலை ஆறரை முதல் எட்டு வரை, மாலை ஐந்து முதல் ஆறரை வரை இன்னும் கவனிக்க வேண்டிய நேரம். பிள்ளைகள் குறைவு என்பதால் வயது பார்க்காமல் எல்லோரையும் ஒரே அறையில் சேர்த்துவிடுவார்கள். பணியாளர்களும் இரண்டு மூன்று பேர்தான். அதில் ஒருவர் ஏஜென்சி அனுப்பிய கேஷுவலாக, அதாவது தேவைப்படும் நாளுக்கு மட்டும் வரும் தற்காலிகப் பணியாளராக இருக்கலாம், அன்று காலைதான் முதன்முதலாக அந்த வாசலை மிதித்திருப்பார். எந்தக் குழந்தைக்கு முட்டை ஒவ்வாது, எது எப்படி அழும், எந்த அப்பா நீதிமன்ற உத்தரவின்படி கூட்டிப்போகக் கூடாதவர், ஒன்றும் தெரியாது. ஒரு குழந்தை வழக்கத்துக்கு மாறாக இருக்கிறது என்று கண்டுபிடிக்க அதன் வழக்கம் தெரிந்திருக்க வேண்டும். ஆள் மாறிக்கொண்டே இருக்கும் இடத்தில் அது யாருக்கும் தெரியாது. 20 நிலையங்களில் ஒருவர் வேலை பார்க்க முடிந்ததே இந்த ஓயாத ஆள்மாற்றத்தால்தான்.

ஆள் ஏன் நிற்பதில்லை? சம்பளம். குழந்தைகளோடு நாள் முழுக்கத் தரையில் உட்கார்ந்து எழும் இந்த வேலைக்குச் சூப்பர் மார்க்கெட்டில் கிடைப்பதைவிடப் பெரிதாக ஒன்றும் அதிகம் கிடைத்ததில்லை. 2024 டிசம்பரில் 10 சதவீதம், ஓராண்டு கழித்து இன்னும் 5 சதவீதம் என்று கூட்டிக்கொடுக்க மத்திய அரசு பணம் ஒதுக்கியது. நல்ல தொடக்கம். ஆனால் அரசு ஆண்டுக்கு ஆயிரம் கோடி டாலருக்கு மேல் மானியமாகக் கொட்டும் துறை இது. முழுநாள் சைல்ட்கேர்களில் பெரும்பான்மை லாப நோக்கில் நடக்கும் தனியார் நிறுவனங்கள். அவர்களுடைய மிகப் பெரிய செலவு சம்பளம் என்பதால், லாபம் பார்க்க வேண்டுமென்றால் கை வைக்கும் முதல் இடமும் அதுவாகவே இருக்கும். குழந்தைப் பாதுகாப்பைப் பற்றிய பேச்சில் இந்தப் பணக் கணக்கைத் தள்ளிவைத்துவிட்டு அட்டை, கேமரா என்று மட்டும் பேசுவது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

ஆண்களை நாப்பி மாற்ற விடக் கூடாது, ஏன், சைல்ட்கேரிலேயே சேர்க்கக் கூடாது என்று கைதுக்குப் பிறகு பலர் கோரினார்கள். அந்தப் பெற்றோரின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் நான் ஒப்பவில்லை. இந்தத் துறையில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் ஏற்கெனவே பெண்கள்தான், அப்படியிருந்தும் இவை நடந்தன. யாராக இருந்தாலும் குழந்தையோடு தனியாக, யார் கண்ணிலும் படாமல் இருக்க முடியாதபடி இடத்தையும் ஆள் வரிசையையும் அமைத்தால் அது எல்லோருக்கும் பொருந்தும். நேர்மையாக வேலை செய்யும் பணியாளருக்கும் அதுவே பாதுகாப்பு. அவர்மேல் வீண்பழி வந்தால் பார்த்தவர் ஒருவர் இருப்பார்.

தீங்கு என்றாலே பாலியல் குற்றம் மட்டும்தான் என்று நினைத்துவிடவும் கூடாது. கையைப் பிடித்து முரட்டுத்தனமாக இழுப்பது, தூங்க மறுக்கும் குழந்தையைப் போர்வைக்குள் அழுத்திவைப்பது, கதவு திறந்திருந்து பிள்ளை தெருவுக்குப் போய்விடுவது எல்லாம் தீங்குதான். 2020 பிப்ரவரியில் குயின்ஸ்லாந்தின் கெய்ன்ஸ் அருகே சைல்ட்கேர் வேனில் மறந்து விடப்பட்ட மூன்று வயதுச் சிறுவன் வெயிலில் இறந்துபோனான். இப்போது ஓட்டுநரைத் தவிர இன்னொருவரும் நின்று, இறங்கும் பிள்ளைகளை எண்ணி, வண்டி காலியா என்று உள்ளே ஏறிப் பார்த்து, நேரம் போட்டுக் கையெழுத்திட வேண்டும். 2023 மார்ச்சிலிருந்து இது தேசிய விதி.

பள்ளிப் பிள்ளைகளுக்கான பராமரிப்பில் சிக்கல்கள் வேறு மாதிரி. மூன்றரைக்கு மணி அடிக்கிறது. இருபது வகுப்புகளிலிருந்து பிள்ளைகள் தாங்களாகவே ஒரு ஹாலுக்கு நடந்து வருகிறார்கள். பட்டியலில் உள்ள ஒரு பெயருக்கு ஆள் வரவில்லை. அம்மா முன்னமே கூட்டிப்போய்விட்டாரா? இன்று பள்ளிக்கே வரவில்லையா? கூடைப்பந்துப் பயிற்சியா? இல்லை, வாசலைத் தாண்டிப் போய்விட்டதா? வகுப்பறைக் கதவுக்கும் ஹால் கதவுக்கும் இடையிலுள்ள அந்த நூறு மீட்டருக்கு யார் பொறுப்பு என்பது நெடுநாள் தெளிவில்லாமல் இருந்தது. பிள்ளை பத்திரமாக வந்துசேர்வதற்கென்று ஒவ்வொரு சேவையும் எழுத்தில் ஒரு நடைமுறை வைத்திருக்க வேண்டும் என்ற விதி 2023 அக்டோபரில் வந்தது.

அங்கே வேலை செய்பவர்களில் பலர் பல்கலைக்கழக மாணவர்கள், மாலை மூன்று மணி நேரக் கேஷுவல்கள். ஐந்து வயதுப் பிள்ளையும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையும் ஒரே இடத்தில். கழிப்பறை பெரும்பாலும் பள்ளியுடையது, ஹாலுக்கு வெளியே தள்ளி இருக்கும். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளையிடம் தவறாக நடந்துகொள்ளும் ஆபத்தும் இங்கே உண்டு. பெற்றோர் இதைக் காதில் வாங்கவே விரும்புவதில்லை. எங்கள் பிள்ளைகள் அப்படியில்லை என்பார்கள். நல்ல சேவை என்றால் கழிப்பறைக்கு யாரை யாரோடு அனுப்புவது, எத்தனை நிமிடத்தில் தேடிப் போவது என்று தினமும் பேசி முடிவெடுத்திருப்பார்கள்.

செல்போன் விஷயத்துக்கு வருவோம். மதியத்துக்குள் நாலு படமாவது ஆப்பில் வந்துவிட வேண்டும் என்று பெற்றோரும் எதிர்பார்த்தோம். கேட்கக் கேட்க அனுப்பினார்கள், பல இடங்களில் சொந்தப் போனில் எடுத்து அனுப்பினார்கள். 2024-ல் சொந்தச் சாதனம் வேண்டாம் என்று தேசிய மாதிரி நெறி வந்தது, ஆனால் அது விருப்பத்தைப் பொறுத்ததாக இருந்தது. விக்டோரியா 2025 செப்டம்பர் 26 முதல் சட்டப்படி தடைசெய்துவிட்டது. நிலையத்துக்குச் சொந்தமான சாதனத்தில் மட்டும்தான் படம் எடுக்கலாம். நாள் முழுக்கப் படமே வரவில்லையென்றால் குழந்தையோடு யாரோ உண்மையாகவே விளையாடிக்கொண்டிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

2025-ல் மாறியது இது மட்டுமில்லை. தரம் தாழ்ந்த நிறுவனங்களின் மானியத்தை நிறுத்த மத்திய அரசுக்கு அதிகாரம் தரும் சட்டம் ஜூலை இறுதியில் நிறைவேறியது. தெற்கு ஆஸ்திரேலியாவின் முன்னாள் முதல்வர் ஜே வெதரில், மூத்த அரசு அதிகாரியாக இருந்த பாம் வைட் இருவரும் விக்டோரியா அரசுக்காக ஆறே வாரத்தில் ஆய்வு செய்து 22 பரிந்துரைகள் கொடுத்தார்கள், அரசு அத்தனையையும் ஏற்றது. எப்போதும் இரண்டு பெரியவர்களின் கண் படும்படி பணியை அமைப்பது அதில் பேசப்பட்ட ஒன்று. செப்டம்பர் 1 முதல், உடல்ரீதியான அல்லது பாலியல் துன்புறுத்தல் குற்றச்சாட்டு வந்தால் நிலையம் 24 மணி நேரத்துக்குள் ஒழுங்குமுறை அமைப்புக்குச் சொல்ல வேண்டும். அதற்கு முன்பு ஏழு நாள் அவகாசம் இருந்தது! பணியாளர்களுக்குத் தேசியப் பதிவேடு, கட்டாயப் பயிற்சி, 300 நிலையங்கள் வரை கேமரா சோதனை ஆகியவற்றுக்கு 18.9 கோடி டாலர் ஒதுக்கினார்கள்.

இவற்றில் நான் பெரிதும் நம்புவது பதிவேட்டைத்தான். யார் எங்கே, எப்போதிலிருந்து எப்போதுவரை வேலை செய்தார் என்பது ஓரிடத்தில் இருந்தால், மேலே சொன்ன தகவல் துண்டுகள் சேர ஒரு மேசை கிடைக்கும். ஜூலையில் நிலையங்களின் பட்டியலைத் தயாரிக்கவே புலனாய்வாளர்கள் கைப்பட எழுதிய பழைய பணிப்பதிவுகளைத் தேடவேண்டியிருந்தது. கேமராவைப் பற்றி எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. நடைவழியிலும் தோட்டத்திலும் அது உதவும். நாப்பி அறையிலும் கழிப்பறையிலும் வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. குழந்தைகளின் படம் சேரும் எந்தச் சேமிப்பும் இன்னொரு பூட்டு வேண்டிய பெட்டி.

இனி நம் வீடுகளைப் பற்றி. மாலை ஐந்தரை மணிக்கு ஒரு சைல்ட்கேர் வாசலில் இந்தக் காட்சியை அடிக்கடி பார்க்கலாம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருக்கும் அம்மம்மா பேரனைக் கூட்டிப்போக வந்திருப்பார். மகளுக்கு மீட்டிங் முடியவில்லை. வாசலில் நிற்கும் இளம்பெண் பட்டியலைப் பார்த்துவிட்டு, பெயர் இல்லை, போட்டோ உள்ள அடையாள அட்டை வேண்டும் என்கிறார். "நான் அவன்ர அம்மம்மா, பிள்ளை. பாரும், என்னைக் கண்டதும் ஓடி வாறான்." பேரன் உண்மையாகவே ஓடிவந்து கட்டிக்கொள்கிறான். இருந்தும் விடமாட்டார்கள். அம்மாவுக்குப் போன் போட்டு, எழுத்தில் அனுமதி வாங்கி, பாஸ்போர்ட்டைப் பார்த்த பிறகுதான் விடுவார்கள். வீட்டுக்குப் போனதும் அவமானப்படுத்திவிட்டார்கள் என்று சண்டை. அந்தப் பெண் செய்தது முழுக்கச் சரி. அவர் தயங்காமல் விட்டிருந்தால்தான் நாம் பயப்பட வேண்டும். ஊரிலிருந்து பெற்றோர் வரும்போதே பெயரை ஏற்றிவிட்டு, பாஸ்போர்ட் நகல் கொடுத்துவைப்பது ஐந்து நிமிட வேலை.

இதைவிடக் கடினமானது புகார் சொல்வது. ஆசிரியர் என்றால் மரியாதை, மேலிடம் என்றால் ஒதுங்கிப் போவது என்று வளர்ந்தவர்கள் நாம். விசா நிரந்தரமாகாதவர்களுக்கு இன்னொரு பயமும் உண்டு, ஏதாவது சொல்லி அது நம்மீதே திரும்பிவிடுமோ என்று. இன்னொரு இடம் கிடைக்க ஆறு மாதம் காத்திருக்க வேண்டியிருக்கலாம். அதனால் பிள்ளையின் கையில் ஒரு சிவப்புத் தடம் இருந்தால்கூட "விளையாடும்போது பட்டிருக்கும்" என்று நாமே காரணமும் சொல்லிவிடுகிறோம். உடலின் மறைவான பாகங்களுக்குப் பிள்ளையிடம் பெயரே சொல்லிக் கொடுக்காமல் 'ச்சீ, அசிங்கம்' என்று நிறுத்தும் வீடுகளில், நாலு வயதுப் பிள்ளைக்கு நடந்தது புரிந்தாலும் சொல்ல வார்த்தை இருக்காது. வந்திருக்கும் மாமாவுக்கு முத்தம் கொடு என்று கட்டாயப்படுத்தாமல், வேண்டாமென்றால் கும்பிட்டால் போதும் என்று விட்டுவிடலாம். வேண்டாம் என்ற சொல் பெரியவர்களிடம் செல்லுபடியாகும் என்பதைப் பிள்ளை முதலில் வீட்டில்தான் தெரிந்துகொள்ளும்.

நிலையத்தைத் தேர்ந்தெடுக்கப் போகும்போது அட்டை இருக்கிறதா என்று கேட்காதீர்கள், எல்லோரிடமும் இருக்கும். இந்த அறையில் இருப்பவர்கள் எத்தனை நாளாக இங்கே வேலை செய்கிறார்கள், போன வாரம் எத்தனை கேஷுவல் வந்தார்கள், நாப்பி மாற்றும்போதும் தூங்கவைக்கும்போதும் இரண்டாவது ஆள் எங்கே நிற்பார், கடைசியாக வந்த பெற்றோர் புகாரை என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு 'எங்களுக்குப் புகாரே வந்ததில்லை' என்று பெருமையாகச் சொல்லும் இடத்தைவிட, வந்தது, இப்படி மாற்றினோம் என்று சொல்லும் இடத்தை நான் நம்புவேன். தர மதிப்பீட்டை அரசின் 'ஸ்டார்டிங் பிளாக்ஸ்' இணையதளத்தில் பார்க்கலாம், ஆனால் மதிப்பீடு நடந்த ஆண்டையும் சேர்த்துப் பாருங்கள். சில இடங்களுக்கு அதிகாரிகள் போய் ஆண்டுக்கணக்காகியிருக்கும்.

சேர்த்த பிறகு, உங்கள் பிள்ளை உள்ளே இருக்கும் எந்த நேரத்திலும் முன்னறிவிப்பு இல்லாமல் உள்ளே போகப் பெற்றோருக்கு விதிப்படி உரிமை உண்டு. மதியம் இரண்டரை மணிக்கு ஒருநாள் போய்ப் பாருங்கள். வாசலுக்குள் நுழைந்ததும் சுவரில் நிலையத்தின் மதிப்பீடு, அன்றைய பொறுப்பாளரின் பெயர், புகாரை யாரிடம் சொல்வது, மாநில ஒழுங்குமுறை அமைப்பின் தொடர்பு விவரம் எல்லாம் சட்டப்படி ஒட்டியிருக்க வேண்டும். அதைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஏதாவது நெருடினால் டைரக்டரிடம்தான் முதலில் போக வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை, நேராக ஒழுங்குமுறை அமைப்பிடம் போகலாம், குற்றம் என்று தோன்றினால் போலீசிடம் போகலாம். ஆங்கிலத்தில் விளக்கிச் சொல்ல வராது என்றால் 131 450 என்ற எண்ணில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டு, அவர் மூலமாகவே அந்த அலுவலகத்தோடு பேசலாம். ஆதாரம் திரட்டிக்கொண்டு வரச் சொல்லி யாரும் கேட்க மாட்டார்கள். பார்த்ததையும் கேட்டதையும் தேதியோடு சொன்னால் போதும், விசாரிப்பது அவர்களுடைய வேலை.